மனம் திரும்பினால் மண்ணும் திரும்ப வேண்டாமா?

"மனந்திரும்புங்கள்" என்ற அழைப்பை எமது மக்கள் கேட்ட அளவுக்கு வேறு எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். லயன் வாசலில் நடக்கும் மாலை ஜெபத்தில் கேட்டிருக்கிறோம். ஞாயிறு ஆராதனையில் கேட்டிருக்கிறோம். ஒலிபெருக்கி கட்டி நடத்தும் சுவிசேஷக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து வீடுகளையும் தோட்டங்களையும் மூடின. அதற்குப் பின்னரும் இதே அழைப்பு வந்தது. நிவாரணப் பொதியோடு சேர்ந்து வந்தது. பாவம் செய்தபடியால்தான் மலை இறங்கியது என்றும், மனந்திரும்பினால் இழந்ததை ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார் என்றும் சொல்லக் கேட்டோம்.

மனந்திரும்புதலை நாம் மறுக்கவில்லை. அது சுவிசேஷத்தின் வாசற்படி. அதைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை. ஆனால் வீட்டை இழந்தவரிடம், காணியை இழந்தவரிடம், ஒரே வாழ்நாளில் இரண்டு மூன்று தடவை மூட்டை கட்டியவரிடம் மட்டும் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது சரியா? அவரிடமிருந்து எடுத்தவரிடம் யார் சொல்வது? மனம் திரும்ப வேண்டும் என்கிறோம், சரி. மனம் திரும்பிய இடத்தில் வேறென்ன திரும்ப வேண்டும்? இந்தக் கேள்விகளை இடம்பெயர்ந்த குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகிறோம்.

இழந்தவர்தான் குற்றவாளியா?

இந்தக் கேள்வி இயேசுவிடமே கேட்கப்பட்டது. லூக்கா சுவிசேஷத்தின் 13 ஆம் அதிகாரத்தில், பிலாத்து சில கலிலேயரைப் பலிபீடத்தின் அருகே கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அதனோடு இன்னொரு செய்தியையும் சேர்க்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டிருந்தனர். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும் விடப் பெரிய பாவிகளோ என்று அவர் கேட்கிறார். இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். ஒன்று அதிகாரத்தின் வாள் செய்த கொலை. மற்றது இடிந்து விழுந்த கட்டடத்தால் வந்த சாவு. இரண்டிலும் மாண்டவர் மேல் பழி சுமத்த அவர் மறுத்துவிட்டார்.

அதே மூச்சில் அவர் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்கிறார். இதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சொல் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இடிபாட்டின் கீழ் கிடந்தவருக்கு அல்ல. வெளியே நின்று, அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு.

யோபுவின் கதையும் இதுவே. பிள்ளைகளையும் மந்தைகளையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவரிடம் மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாட்கள் வாய் திறவாமல் கூட இருந்தது அவர்கள் செய்த நல்ல காரியம். வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று பாடம் எடுக்கத் தொடங்கியது கெட்ட காரியம். முடிவில் ஆண்டவர் கோபித்தது யோபுவின் மேலல்ல, அந்த நண்பர்களின் மேல். அவர்களே பலி செலுத்த வேண்டியிருந்தது. யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது.

ஆகவே, அன்பான குடும்பங்களே, உங்களுடையதல்லாத பாவத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மலைச்சரிவில் லயனைக் கட்டியவர் நீங்கள் அல்லர். பாதுகாப்பான இடத்தில் ஒரு துண்டுக் காணி கேட்டு வருடக்கணக்காக அலைந்தவர்கள் நீங்கள். மழை கடவுளுடையது. ஆனால் எந்த ஏழையின் வீடு எந்தச் சரிவின் கீழே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது மழையல்ல.

நாபோத்தின் தோட்டமும் மாத்தளையின் மண்ணும்

அப்படியானால் பாவம் எங்கே இருக்கிறது? வேதம் இதற்கு ஒரு காணிக் கதையைச் சொல்கிறது. இராஜாக்களின் முதலாம் புத்தகம் 21 ஆம் அதிகாரத்தில், ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத் என்னும் குடியானவனின் திராட்சத் தோட்டம் இருந்தது. ராஜா அதைக் கீரைத் தோட்டமாக்கக் கேட்டான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க முடியாது என்று நாபோத் மறுத்தான். ராணி யேசபேல் கடிதம் எழுதினாள். அதற்கு ராஜ முத்திரை இருந்தது. ஊர் மூப்பர்கள் கூடினார்கள். இரண்டு சாட்சிகள் வந்தார்கள். தீர்ப்பும் வந்தது. நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். ராஜா காணியைப் பொறுப்பேற்கப் போனான்.

இதில் கடிதம், முத்திரை, சாட்சி, தீர்ப்பு என்று எல்லாம் முறைப்படி இருந்தன. கடதாசியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பாவம் அந்தக் கடதாசிக்குள்ளேயே இருந்தது.

மாத்தளை மாவட்டத்தின் மண்ணைத் தோண்டினால் இப்படிப்பட்ட கடதாசிகள் அடுக்கடுக்காக வரும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காட்டு நிலமும் பயிரிடப்படாத தரிசு நிலமும் முடிக்குரியவை என்று கொண்டது. தலைமுறையாகச் சேனை செய்து, மாடு மேய்த்து, விறகு எடுத்த சிங்களக் கிராமத்தவரிடம் உறுதி இருக்கவில்லை. காடு கோப்பித் தோட்டமாயிற்று. புதிய வரிகளும் சேர்ந்து 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய புரன் அப்பு அவ்வருடம் ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டி போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து எமது முன்னோர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகவும் தம்புள்ளை வழியாகவும் மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. வந்து சேர்ந்தவர்களைத் "துண்டு" என்னும் கடன் சீட்டு கட்டிவைத்தது. அந்த முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர், வயற்காணிக்கு 25 ஏக்கர் என்று எல்லை விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலமற்ற கிராமத்தவருக்கு நிலம் கொடுப்பது நீதியான நோக்கம். ஆனால் அந்த மண்ணில் மிளகையும் கொக்கோவையும் தேயிலையையும் வளர்த்த தொழிலாளருக்குப் பங்கு கிடைக்கவில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் போயிற்று, லயனும் போயிற்று. 1977 இலும் 1983 ஜூலையிலும் நடந்த வன்செயல்கள் மீதியைச் செய்தன. மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். 2009 வரை நீடித்த போர் அங்கிருந்தும் அவர்களைப் பெயர்த்தது.

இடப்பெயர்வு தமிழருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே மாவட்டத்தில் மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காகச் சிங்கள விவசாயக் குடும்பங்கள் பிறந்த ஊரை விட்டுப் போயின. மொரகஹகந்தவில் 2017 ஜனவரியில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். பழைய லக்கல-பல்லேகம நகரம் இருந்த இடத்துக்கு நீர் வரும் என்பதால் வேறிடத்தில் புதிய நகரம் கட்டப்பட்டது. அந்த நீர் எத்தனையோ வயல்களுக்குப் பாயும். ஆனாலும் தன் தாயின் கல்லறையும் பலாமரமும் தண்ணீருக்குள் போனதைப் பார்த்த விவசாயியின் நெஞ்சு எமக்குத் தெரியும். எமது நெஞ்சும் அதுதான்.

இத்தனையையும் செய்த பாவி யார்? ஒரு மனிதனைச் சுட்டிக்காட்ட முடியாது. 1970 களில் தோட்டத்தில் அரை ஏக்கர் பெற்ற கிராமத்தவன், 1840 இல் காட்டை இழந்தவனின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். பறிகொடுத்தவன் ஒருபுறம் பெற்றவனாகவும், பெற்றவன் மறுபுறம் பறிகொடுத்தவனாகவும் நிற்கிறான். இதனால்தான் 1987 டிசம்பரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல், பாவத்தின் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசிற்று. தனி மனிதரின் பேராசையும் பயமும் பாராமுகமும் சேர்ந்து ஒரு சட்டமாக, ஒரு திட்டமாக, ஒரு வழக்கமாக இறுகிப் போகின்றன. பின்னர் அந்த வழக்கத்துக்குள் நல்லவர்களும் பாவத்தின் பலனை உண்கிறார்கள். கத்தோலிக்கரல்லாத நாமும் இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டு விதமான மனந்திரும்புதல்

நாபோத்தின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அதை எமது பிரசங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எலியா தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே கண்டித்தபோது ஆகாப் தன் உடையைக் கிழித்துக்கொண்டான். இரட்டு உடுத்தினான். உபவாசம் இருந்தான். பணிந்து நடந்தான். ஆண்டவரும் அதைக் கண்டு தண்டனையை அவன் மகனின் காலத்துக்குத் தள்ளிவைத்தார். அந்தக் கண்ணீர் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பாருங்கள். திராட்சத் தோட்டம் நாபோத்தின் குடும்பத்துக்குத் திரும்பியதாக ஒரு வரியும் இல்லை. ராஜா அழுதான், கீரைத் தோட்டம் அரண்மனையோடேயே இருந்தது.

இன்னொரு மனந்திரும்புதல் எரிகோவில் நடந்தது. லூக்கா 19 ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். வரி என்ற பெயரில் அவன் எடுத்ததும் கடதாசிப்படி சரியாகத்தான் இருந்திருக்கும். இயேசு அவன் வீட்டுக்குப் போனார். சகேயு இரட்டு உடுத்தவில்லை, சாம்பல் பூசவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பிக் கொடுப்பேன் என்றான். அப்பொழுதுதான் இயேசு, இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று அறிவித்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சகேயு நாலு மடங்கு கொடுத்து இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. அவன் வாய் திறக்கும் முன்பே, ஊரார் முறுமுறுக்க, இயேசு அவன் வீட்டுக்கு வரத் தீர்மானித்துவிட்டார். கிருபை முன்னே வந்தது. திருப்பிக் கொடுத்தல் அதன் கனியாகப் பின்னே வந்தது. ஆனால் கனியே இல்லாத மரத்தைப் பார்த்து, இதன் வேர் நன்றாக இருக்கிறது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான். யோவான் ஸ்நானகனும் அப்படித்தான் கேட்டார். மனந்திரும்புதலுக்கேற்ற கனியைக் காட்டச் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவனிடம் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். வரி தண்டுபவனிடம் குறித்த தொகைக்கு மேல் வாங்காதே என்றார். போர்வீரனிடம் மிரட்டிப் பறிக்காதே என்றார். எவன் எங்கே பாவம் செய்கிறானோ அங்கேயே அவன் திரும்ப வேண்டும்.

மோசேயின் சட்டமும் இதையே கேட்டது. அயலானிடம் அநியாயமாக எடுத்தவன் பாவத்தை அறிக்கையிட வேண்டும்; எடுத்ததை முழுவதுமாய்க் கொடுக்க வேண்டும்; அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்க்க வேண்டும் என்று எண்ணாகமம் 5 ஆம் அதிகாரம் சொல்கிறது. லேவியராகமம் 25 ஆம் அதிகாரம் 50 ஆவது வருடத்தை யூபிலி வருடமாக்கி, விற்றுப் போன காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. எபிரெய மொழியில் மனந்திரும்புதலுக்கு வழங்கும் சொல், ஊருக்குத் திரும்புதலையும் குறிக்கும் சாதாரணச் சொல்லே. தமிழில் எமது வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களும் "திரும்புதல்" என்றே வைத்தார்கள். இடம்பெயர்ந்தவருக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

நாட்டின் காரியத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 1948 இல் பறித்த பிரஜாவுரிமையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்த அரசு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்திய வம்சாவளியினரில் மீதியாயிருந்தவர்களுக்கும் அதை வழங்கியது. 55 வருடம் கழித்தாயினும் அது ஒரு திரும்புதல். அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் அந்த 55 வருடத்தில் அவ்வுரிமை இல்லாததால் கிடைக்காமற் போன காணிக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்க்கப்படவில்லை. பின்னர் தோட்ட வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று பேசப்பட்டது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச்சில் வீடு நிற்கும், விவசாயம் நிற்காது. இரண்டு நூற்றாண்டாக மண்ணை உழுதவனை விவசாயி என்று ஏற்றுக்கொள்ளாத மனம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்றே சொல்ல வேண்டும்.

திருச்சபையும் திரும்ப வேண்டும்

அரசை மட்டும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்பது எமக்குத் தெரியும்.

தோட்டத் தமிழர் மத்தியில் ஊழியம் செய்ய 1854 இல் "தமிழ்க் கூலி மிஷன்" என்ற ஒன்று தொடங்கப்பட்டது. உபதேசியார்மார் அட்டைக் கடியிலும் மழையிலும் தோட்டம் தோட்டமாக நடந்து சென்றனர். எழுத்தறிவித்தனர், நோயாளிகளைச் சந்தித்தனர், மரித்தவரை மரியாதையோடு அடக்கம் செய்தனர். அவர்கள் பாடுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் சந்தா கொடுத்தனர். சந்தா கொடுப்பவரிடம், நீர் சகேயுவைப் போல் திரும்பும் என்று சொல்வது எளிதல்ல. அதன் பழக்கம் இன்றும் எம்மில் இருக்கிறது. எமது பாவப் பட்டியலில் குடி இருக்கிறது, சூது இருக்கிறது, சினிமா கூட இருந்தது. குறைந்த கூலி இல்லை. தராசில் மோசம் இல்லை. எல்லைக்கல்லை நகர்த்துவது வேதத்தில் சாபத்துக்குரிய பாவமாய் இருந்தும் எமது பிரசங்கங்களில் இல்லை. ஏழை செய்யும் பாவங்களை நாம் பெயர் சொல்லி அழைத்தோம். ஏழைக்கு எதிராகச் செய்யப்படும் பாவங்களுக்கு எம்மிடம் பெயரே இருக்கவில்லை.

வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972 இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை ஆரம்பித்து, சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தமிழரும் ஒரே பாயில் அமர்ந்து பேச வழி செய்தார். 1977 இற்கும் 1983 இற்கும் பிறகும் அந்த வேலையை அவர் கைவிடவில்லை. ஒரு சிங்களக் கிராமத்தவன் தோட்டத்து அயலானின் வாசலுக்கு முதன்முறையாக வருவதும் மனந்திரும்புதலே. கால்கள் திரும்பிய பிறகுதான் பல வேளைகளில் மனம் திரும்புகிறது.

ஆகவே நாம் ஒரு வேண்டுகோளை வெளிப்படையாக முன்வைக்கிறோம். ஒவ்வொரு சபையும் தன் காணிப் பதிவேட்டை மேசையில் விரிக்கட்டும். எந்தக் காணி எப்போது, யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று சபையார் கேட்க வாசிக்கட்டும். பயிரிடாமலும் கட்டாமலும் கிடக்கும் காணி எவ்வளவு என்று அளக்கட்டும். மண்சரிவு அபாயமில்லாத துண்டுகளை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, கிறிஸ்தவர், இந்து, பௌத்தர், முஸ்லிம் என்று பாராமல், வாடகைக்கல்ல, தர்மத்துக்குமல்ல, உறுதியோடு கொடுக்கட்டும். சகேயு ரோம அரசைத் திருத்தக் காத்திருக்கவில்லை. தன் வீட்டிலிருந்து தொடங்கினான். காணியை வைத்துக்கொண்டு தபசு காலத்தில் உபவாசிக்கும் சபை, ஆகாபின் இரட்டை உடுத்தியிருக்கிறது.

எமது முற்றத்திலும் பாவம் உண்டு

இனி, உங்களிடமும் உரிமையோடு ஒன்று பேச வேண்டும். பிறர் செய்த பாவம் எம்மைப் பரிசுத்தராக்கிவிடாது.

நெகேமியா புத்தகத்தின் 5 ஆம் அதிகாரம் இடம்பெயர்ந்து திரும்பிய மக்களைப் பற்றியது. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து வந்தவர்கள் இடிந்த மதிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே பகைவர் இருந்தனர். ஆனால் கூக்குரல் உள்ளேயிருந்து வந்தது. வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்று ஏழைகள் அழுதார்கள். வட்டி வாங்கியவன் பாபிலோனியன் அல்ல, சொந்த இனத்தான். நெகேமியா பெரியவர்களை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதையும் மறைக்காமல் சொன்னார். வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். "அன்றைக்கே" என்பதைக் கவனியுங்கள். மதில் கட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை.

எமது குடியேற்றங்களில் இதைப் போன்றவை இல்லையா? நிவாரணப் பட்டியலில் தன் சொந்தக்காரரை மேலே எழுதி, கேட்க ஆளில்லாத விதவையைக் கீழே தள்ளும் சங்கத் தலைவர் இல்லையா? நட்டஈட்டுப் பணம் வந்த கிழமையே அதைக் கசிப்பில் கரைத்துவிட்டு, மனைவியின் தோட்டை அடகு வைக்கும் குடும்பத் தலைவர் இல்லையா? இருவரும் சேர்ந்து வெட்டிய காணிக்குக் கணவனின் பெயரில் மட்டும் அனுமதிப்பத்திரம் எழுதுவது சரியா? கிணற்றடியில் இன்னும் சாதி பார்ப்பவர் எவருமே இல்லையா? பக்கத்து வீட்டுக்காரர் முகாமில் இருந்த நாட்களில் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவர், ஆகாபை விடச் சிறிய ஆகாப், அவ்வளவுதான்.

இன்னொரு பாவம் கண்ணுக்குத் தெரியாதது. எமது பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுக்கிறோம்? 1983 இல் வீட்டை எரித்தவர்களைப் பற்றிச் சொல்கிறோம். சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அதே நாட்களில் அயலவரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட சிங்களக் குடும்பங்களைப் பற்றியும் சொல்கிறோமா? பாதிக் கதையைச் சொல்வதும் பொய்ச்சாட்சியே. நாபோத்தைக் கொன்றது பொய்ச்சாட்சிதான்.

மன்னிப்பு என்பது விடுதலைப் பத்திரமல்ல

மன்னியுங்கள், மறந்துவிடுங்கள், வழக்கை விடுங்கள் என்று உங்களுக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டும். இதில் சலுகை இல்லை. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவர் எமது ஆண்டவர். ஆனால் மன்னிப்பதும் உரிமையை விட்டுக் கையெழுத்துப் போடுவதும் ஒன்றல்ல. சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கண்டிக்கவும், அவன் மனந்திரும்பினால் மன்னிக்கவும் லூக்கா 17 ஆம் அதிகாரம் சொல்கிறது. கண்டிப்பும் அன்பின் வேலை.

பகையை மனதில் வைத்திருந்தால் அது எம்மையே தின்னும். அதை விட்டுவிடுவோம். ஆனால் காணிக் கச்சேரிக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியை விட்டுவிட வேண்டாம். பழைய வரி ரசீது, தோட்டப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, பிறப்புச் சான்றிதழ் என்று எதுவானாலும் பத்திரமாக வையுங்கள். கோபம் இல்லாமல் நீதி கேட்க முடியும். பலிபீடத்துக்கு வரும் வழியில் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. அந்தச் சொல் குறை செய்தவனை நோக்கியது. குறை உடையவனைப் பார்த்து, நீ பேசாமல் இரு என்று அவர் சொல்லவில்லை.

இன்னொருவரை வெளியேற்றி எமது பழைய காணியை மீட்பதையும் நாம் கேட்கவில்லை. ஐம்பது வருடமாக அங்கே மிளகுக் கொடி ஏற்றி வாழும் குடும்பத்தைத் தெருவில் விட்டால், அது இன்னொரு பாவத்தின் தொடக்கம். காணியற்ற எல்லோருக்கும், இனம் பாராமல், பாதுகாப்பான, பயிர் செய்யப் போதுமான காணி வேண்டும் என்பதே நீதி. லக்கலவில் ஊரை இழந்த விவசாயியும் ரத்தோட்டையில் லயனை இழந்த விவசாயியும் ஒரே மனுவில் கையொப்பமிடும் நாளில் மாத்தளையின் மண்ணில் ஒரு பெரிய மனந்திரும்புதல் நிகழும்.

இந்த வீட்டுக்கு

சகேயுவிடம் இயேசு சொன்ன வார்த்தையை மீண்டும் நினைப்போம். இரட்சிப்பு வந்தது அவன் ஆத்துமாவுக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு என்றார். மறுமையில் வரும் என்று சொல்லவில்லை, இன்று என்றார். மறுமையின் நம்பிக்கையை நாம் விடவில்லை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் வழியோரத்தில் புதைந்த எமது முன்னோருக்கு என்ன ஆறுதல்? ஆனால் அன்றைக்கு எரிகோவில் இரண்டு வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும். ஒன்று பாவத்திலிருந்து விடுபட்ட சகேயுவின் வீடு. மற்றது, பறிகொடுத்தது நாலு மடங்காய்த் திரும்பி வந்த ஏழையின் வீடு. ஒருவனின் மனந்திரும்புதலில் இரண்டு வீடுகள் இரட்சிப்பைக் காண்கின்றன. அந்த இரண்டாவது வீடு எங்கே என்று கேட்காத பிரசங்கம் பாதிப் பிரசங்கம்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் வந்து மனந்திரும்புங்கள் என்று சொன்னால், தலைகுனிந்து கேளுங்கள். எமக்கும் அது வேண்டும். பிறகு தலைநிமிர்ந்து, எமது காணியைப் பற்றியும் யாரிடமாவது இதைச் சொன்னீர்களா என்று அன்போடு கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. எமது துன்பத்தில் எது நாம் செய்த தவறால் வந்தது, எது பிறர் எமக்குச் செய்ததால் வந்தது? இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

2. எமது குடியேற்றத்தில் உடனே, இந்தக் கிழமையே, யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

3. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் காணி இழந்தவர் யார்? அவரோடு யார் போய்ப் பேசுவது?

4. எமது சபைக்கு எவ்வளவு காணி இருக்கிறது? அதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது?